கால் யூனிட் மணலும் ஒரு குட்டி யானையும்: சிறு சரக்கு வண்டியின் எடை வரம்பு, பர்மிட், லைசென்ஸ் பற்றிய முழுமையான வழிகாட்டி

"கால் யூனிட்தானே, நம்ம வண்டியிலயே ஏத்திக்கலாம்." கட்டட வேலை நடக்கிற எந்தத் தெருவிலும் காதில் விழும் பேச்சு இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை டன் வரும். கால் யூனிட் என்றால் 1,100 கிலோவுக்கு மேல். குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் வகை வண்டிகளில் பல, 750 கிலோ அளவுக்கே செய்யப்பட்டவை. தண்ணீர் வடியாத மணலாக இருந்தால் எடை இன்னும் ஏறும்.

கொத்தனார், தச்சர், பிளம்பர், டைல்ஸ் மேஸ்திரி, வெல்டிங் பட்டறைக்காரர், பெயிண்டர் என்று சொந்தமாக ஒன்றிரண்டு வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்காகத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இதை எழுதியிருக்கிறோம். அடிப்படைச் சட்டம் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அபராதத் தொகைகள் 2019 திருத்தத்தில் வந்தவை.

தொடங்கும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். "நான் வாடகைக்கு ஓட்டலை, என் சாமானைத்தானே ஏத்துறேன்" என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. சரக்கு ஏற்றவென்றே செய்யப்பட்ட வண்டி, யாருடைய சரக்கை ஏற்றினாலும் சரக்கு வாகனம்தான். மஞ்சள் நம்பர் பலகை, எஃப்.சி. (தகுதிச் சான்று), எடை வரம்பு எல்லாம் உண்டு. சரக்குக்காகச் செய்யப்படாத வண்டியும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஆம்னி வேனில் டைல்ஸ் பெட்டி ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 1: ஆர்.சி.யில் இரண்டு எண்களைத் தேடுங்கள்

ஆர்.சி. (பதிவுச் சான்று) அட்டையில் காலி எடை என்று ஒன்றும், சரக்கோடு சேர்ந்த மொத்த எடை என்று ஒன்றும் கிலோவில் அச்சாகியிருக்கும். ஓட்டுநர்கள் இதை யு.எல்.டபிள்யூ., ஆர்.எல்.டபிள்யூ. என்பார்கள். சில அட்டைகளில் மொத்த எடை ஜி.வி.டபிள்யூ. என்று இருக்கும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலும் இவற்றைப் பார்க்கலாம்.

ஷோரூமில் "ஒன்றரை டன் தூக்கும்" என்று சொன்னது, விளம்பரத் தாளில் போட்டது, முந்தைய உரிமையாளர் ஏற்றியது எதுவும் கணக்கில்லை. எடைமேடையில் வண்டி நிற்கும்போது திரையில் வருகிற எண், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. ஓட்டுநர், கிளீனர், டீசல், ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

காலி எடைக்குச் சட்டம் தரும் பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்கு வழக்கமாக வண்டியோடு இருக்கும் சாதனங்கள் அதில் சேர்த்தி. ஓட்டுநரும் உதவியாளரும் சேர்த்தி இல்லை. ஆகவே ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்து வருவது முழுவதும் சரக்குக்கு என்று எடுத்துக்கொண்டால், ஏறி உட்காரும் இரண்டு பேரின் எடை விட்டுப்போகும்.

படி 2: உங்கள் வண்டியின் உண்மையான காலி எடையைப் போடுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். டேங்கை நிரப்புங்கள். தினமும் வண்டியிலேயே கிடக்கும் கருவிப் பெட்டி, ஏணி, ஒயர் சுருள் எதையும் இறக்காதீர்கள். ஓட்டுநரும் உதவியாளரும் உட்கார்ந்தபடியே எடைமேடையில் ஏறிச் சீட்டு வாங்குங்கள். அரிசி ஆலை, பழைய இரும்புக் கடை, கல் குவாரி பக்கங்களில் எடைமேடை இருக்கும். எடையளவுத் துறையின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பெரிய லாரிக்கான மேடைகள் 10 அல்லது 20 கிலோ படியாகக் காட்டும் என்பதால், வரம்புக்கு ஒட்டி நிற்காமல் 50 கிலோவாவது விட்டு வைப்பது நல்லது.

ஒரு வண்டியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஆர்.சி.யில் மொத்த எடை 1,615, காலி எடை 865. வித்தியாசம் 750. வாங்கிய பிறகு பக்கப் பலகைக்கு மேல் இரும்புக் கிரில் வைத்தார்கள்: 60 கிலோ. ஏணி மாட்டும் சட்டமும் ஏணியும்: 35. கருவிப் பெட்டி, உள்ளே டிரில்லும் கட்டரும்: 70. தார்ப்பாயும் கயிறும்: 10. இரண்டு ஆட்கள்: 140. கூட்டினால் 1,180. மிச்சம் 435 கிலோ. சிமெண்ட் மூட்டைக் கணக்கில் எட்டுதான், ஒன்பதாவது ஏறாது. "முக்கால் டன் வண்டி" என்று வாங்கியது, வேலைக்குத் தயாராக நிற்கும்போது அரை டன்னுக்கும் கீழே வந்துவிட்டது.

நிரந்தரமாக வெல்டு செய்து சேர்த்தவற்றால் வண்டியின் காலி எடையே ஆர்.சி.யில் உள்ளதைத் தாண்டினால், அதுவும் 113-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். பாடி நீளத்தையோ உயரத்தையோ மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

படி 3: சரக்கை எடையாக மாற்றப் பழகுங்கள்

கடையில் கன அடி, சதுர அடி, பெட்டி, கட்டு என்று பேசுவோம். வண்டிக்குத் தெரிந்தது கிலோ மட்டும்தான். அடிக்கடி ஏறும் பொருள்களுக்கு இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளலாம்:

- சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 20 மூட்டை ஒரு டன்.
- செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. 250 கல் 750 கிலோ.
- ஆறு அங்குல சாலிட் பிளாக் ஒன்று 25 கிலோவுக்கு மேல்.
- ஜல்லி, எம்-சாண்ட் ஒரு கன அடி 40 முதல் 45 கிலோ.
- 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ், நாலு கல் கொண்ட பெட்டி 26 முதல் 30 கிலோ.
- 18 மி.மீ. கிரானைட் ஒரு சதுர அடி நாலரை கிலோ.
- 19 மி.மீ. பிளைவுட், 8-க்கு 4 பலகை 35 முதல் 40 கிலோ.
- கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, தடிமன் ஒரு மி.மீ.க்கு இரண்டரை கிலோ. 5 மி.மீ. என்றால் பன்னிரண்டரை.
- தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் டேங்கை நிரப்பி ஏற்றினால் ஒரு டன்.

கம்பிக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கம்பியின் தடிமனை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.7 கிலோ. நாற்பது கம்பி 427 கிலோ. மேலே பார்த்த வண்டியில் அது மட்டுமே மொத்த இடத்தையும் சாப்பிட்டுவிடும்.

கம்பியில் எடையைவிடப் பெரிய சிக்கல் நீளம். எட்டடிக்குச் சற்றுக் குறைவான தொட்டியில் 12 மீட்டர் கம்பியை வளைத்துக் கட்டிப் பின்னால் நீட்டிக்கொண்டு போவது சாலையில் அன்றாடக் காட்சி. பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் முகத்துக்கு நேரே இருப்பது அந்தக் கம்பி முனைதான். சிவப்புத் துணி கட்டினால் போதும் என்ற நம்பிக்கை தவறு. வண்டியின் முன்னாலோ, பின்னாலோ, பக்கவாட்டிலோ, அனுமதித்த உயரத்துக்கு மேலேயோ சரக்கு நீண்டால், எடை வரம்புக்குள் இருந்தாலும் 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய். கம்பியைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்குங்கள். முழு நீளமே வேண்டுமென்றால் கடைக்காரரின் நீள வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: எங்கே வைக்கிறீர்கள் என்பதும் எடைதான்

மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் வண்டி கையில் நிற்காமல் போவது உண்டு. இடம் தவறினால் வருவது அது. பின் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் மூட்டையை அடுக்கிவிடுகிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.1 மீட்டர் இருக்கும் வண்டியில், 400 கிலோ சுமையின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் விழுந்தால், முன் சக்கரங்களிலிருந்து 57 கிலோ குறைந்து பின் அச்சில் ஏறும். பின் அச்சு 400-க்குப் பதிலாக 457 சுமக்கும். ஸ்டியரிங் லேசாகிறது, மழையில் திருப்பம் பிடிக்காது, முன் பிரேக்குக்குத் தரையில் பிடி குறைகிறது.

கனமான சரக்கைக் கேபினின் பின்சுவரை ஒட்டி அடுக்கத் தொடங்குங்கள். அதன் நடுப்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். இடது வலது சமமாக இருக்கட்டும். கிரானைட், கண்ணாடிப் பலகைகளை ஒரே பக்கம் சாய்த்து வைக்காமல், நடுவில் ஏ வடிவ மரச் சட்டம் வைத்து இருபுறமும் சாய்த்துக் கட்டினால் பாரம் பிரியும். ஒரே பக்கம் சாய்த்த பலகைகள் திருப்பத்தில் சரிந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளை நசுக்கிவிடும்.

அச்சு எடையைப் பார்க்க முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின் அச்சின் எடை. மேடைக்கு ஏறும் பாதை சமதளமாக இருக்க வேண்டும், சரிவில் நின்றால் எண் பொய்க்கும். அதை டயரோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ, 100 என்றால் 800 கிலோ தாங்கும். இதெல்லாம் காற்று சரியாக இருந்தால்தான். காற்றுக் குறைந்த டயர், கூடுதல் பாரம், மே மாதத் தார் ரோடு மூன்றும் சேர்ந்தால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

ஸ்பிரிங் பட்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "கூடுதலா ரெண்டு பட்டை போட்டாச்சு, இனி ரெண்டு டன் தாங்கும்" என்று பட்டறையில் சொல்வார்கள். பட்டை சேர்ப்பதால் வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், பிரேக் டிரம், சேசிஸ், டயர் எல்லாம் பழையவைதான். எடை இரட்டித்தால் அதே வேகத்தில் நிறுத்தப் பிரேக் இரண்டு மடங்கு சூட்டை வாங்க வேண்டியிருக்கும். ஏற்காடு, குன்னூர் இறக்கங்களில் பிரேக் தளர்ந்து போவதற்கு இதுதான் காரணம். வண்டி தாழ்ந்து நின்றது ஓர் எச்சரிக்கை. பட்டை சேர்த்தவர் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டார். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒரு கிலோகூட மாறவில்லை.

படி 5: 3,000 கிலோ என்ற கோடு

சிறு தொழில் செய்பவருக்குப் பர்மிட் விஷயத்தில் முக்கியமான எண் இதுதான். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு, 66-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி பர்மிட் தேவையில்லை. 3,001 ஆனாலும் தேவை, சொந்தச் சரக்குக்கும் தேவை, காலியாகப் போனாலும் தேவை. சில நிறுவனங்கள் பிக்கப் வண்டிகளை 3,000-க்குச் சற்றுக் கீழே நிற்கும் மொத்த எடையோடு விற்பதன் காரணம் புரியும். அதே பெயரில் நீளமான தொட்டியோடு வரும் வகை கோட்டைத் தாண்டியிருக்கலாம். பெயரைப் பார்த்து வாங்காமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

3,000-க்கு மேல் என்றால் ஆர்.சி., நடப்பு எஃப்.சி., இன்சூரன்ஸ், சாலை வரி, புகைச் சான்று இவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சரக்கு வாகனப் பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் தளத்திலேயே தொடங்கலாம். பர்மிட் ஐந்து ஆண்டுக்கு. புதுப்பிக்க, முடியும் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாயும் ஆறு மாதம் வரை சிறையும் என்று 192ஏ பிரிவு சொல்கிறது. மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி பர்மிட் விலக்கு உண்டு. பேட்டரியும் காலி எடையில் சேரும் என்பதால் படி 2-ஐ அவர்களும் தவறாமல் செய்ய வேண்டும்.

பர்மிட் விலக்கு என்பது பர்மிட்டுக்கு மட்டும். எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று எதுவும் அதில் தள்ளுபடி ஆகாது.

படி 6: யார் ஓட்டலாம்

பல ஆண்டு குழப்பம் தீர்ந்துவிட்ட விஷயம் இது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை, சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம். தனிப் பேட்ஜ் (போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசென்ஸில் வாங்கும் கூடுதல் அனுமதி) வேண்டாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதி செய்தது. "பேட்ஜ் இல்லை" என்று காரணம் காட்டி மட்டும் விபத்து இழப்பீட்டை மறுக்கிற வழி அதோடு அடைபட்டது. டாடா 407 போன்ற வண்டிகளும் இந்த வரம்புக்குள் வருகின்றன. 7,500-க்கு மேல் போனால் அதற்குரிய கனரக வகை லைசென்ஸ் வேண்டும்.

ஓட்டுபவருக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கார் ஓட்ட 18 போதும், சரக்கு வண்டிக்குப் போதாது. மேஸ்திரியின் 19 வயது மகன் கையில் சாவியைக் கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். தகுதியில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000 ரூபாய் அபராதம்.

வெல்டிங் பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். அசிட்டிலீன் போன்ற அபாயப் பொருளை ஏற்றும் சரக்கு வண்டிக்கு மேற்சொன்ன சலுகை பொருந்தாது. ஓட்டுநர் அதற்கான பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிவு வாங்கியிருக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தி, வால்வு மூடி போட்டு, உருளாமல் கட்டுங்கள். தார்ப்பாயால் மூடி வெயிலில் நிறுத்தாதீர்கள். முடிந்தால் சிலிண்டர் முகவரே தம் வண்டியில் கொண்டுவந்து இறக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படி 7: தேதிகள்

புது வண்டிக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டு. எட்டு ஆண்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். எஃப்.சி. முடிந்த வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவே இல்லாத வண்டிக்குச் சமம், முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். எஃப்.சி.க்குப் போகும் முன் கிரில், கூடுதல் விளக்கு, ஒளிரும் பட்டை ஆகியவற்றைச் சரிபாருங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ. விபத்து நடந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில். ஆவணங்களை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினாலும் செல்லும்.

படி 8: பின்னால் ஆட்கள்

வேலை முடிந்து ஆறு பேரைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. ஆர்.சி.யில் இருக்கை எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் அனுமதி. கூடுதலாக ஒருவருக்கு 200 ரூபாய் என்ற அபராதம் சிறியதுதான். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் சொல்லியிருக்கிறது. சரக்கோடு வரும் சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் பாலிசிக்குள் வருவார்கள். உங்கள் சம்பள ஆட்களுக்குச் சட்டப்படியான தொழிலாளர் இழப்பீட்டு அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள் என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள், இன்றைக்கே. அந்த ஆட்களின் குடும்பம் உங்களை நம்பித்தான் இருக்கிறது. ஆட்களைப் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ அனுப்புவதற்கு ஆகும் செலவைக் கூலியோடு சேர்த்து எஸ்டிமேட்டில் போட்டுவிடுங்கள்.

படி 9: சாலையில் நிறுத்தினால்

அதிக பாரம் என்று சந்தேகம் வந்தால் எடைமேடைக்கு வரச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் மேடை நீங்கள் போகும் பாதையில் 10 கி.மீ.க்குள்ளோ, போய்ச்சேரும் இடத்திலிருந்து 20 கி.மீ.க்குள்ளோ இருக்க வேண்டும் என்பது 114-ஆம் பிரிவு. மறுக்காமல் போங்கள். நிற்காமல் போனாலோ, எடை போடும் முன் சரக்கை இறக்கினாலோ 40,000 ரூபாய், அதாவது அதிக பார அபராதத்தைப்போல் இரண்டு மடங்கு.

அதிக பாரத்துக்கு அடிப்படை 20,000, கூடுதல் டன்னுக்கு 2,000. குட்டி யானையில் ஒரு டன் கூடினால் 22,000, அதோடு இறக்கும் கூலி. ஓட்டுநர் வேறு ஆளாக இருந்தால், உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். "டிரைவர் ஏத்திட்டான்" என்று சொல்லித் தப்புவது கடினம்.

கூடுதல் சரக்கை இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது. இறக்கிய சரக்கு உங்கள் பொறுப்பில், சாலையோரத்தில் கிடக்கும். உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், எடைச் சீட்டின் நகலையும் வாங்குங்கள். சரக்குக்குக் காவலாக ஓர் ஆளை நிறுத்திவிட்டு, மொத்த எடை போதுமான வேறொரு வண்டியை வரவழைத்து மிச்சத்தை ஏற்றுங்கள். மீண்டும் மேடையில் ஏறி, வரம்புக்குள் வந்துவிட்டதற்கான இரண்டாவது சீட்டை எடுத்த பிறகே கிளம்புங்கள். உங்கள் வண்டியின் மொத்த எடை, ஆட்களோடு சேர்ந்த காலி எடை, மிச்சம், சிமெண்ட் மூட்டைக் கணக்கில் அது எத்தனை என்ற நான்கு எண்களையும் பெயிண்ட்டால் ஓட்டுநர் பக்கக் கதவின் உள்புறம் எழுதி வையுங்கள். கடையில் ஏற்றுகிற ஆள் "இன்னும் ரெண்டு மூட்டை போடவா" என்று கேட்கும்போது ஓட்டுநர் அதைப் பார்த்துப் பதில் சொல்வார்.